இமை போடாத குண்டுப்பயல்

நீதான் செய்தாய் தாயி, வேறு யாரும் செய்யவில்லை. மலையிலிருந்து இறங்கின காற்று என்கிறான் ஒருத்தன், ஏலக்காய்க்கு அடிக்கிற மருந்து தண்ணீரில் கலந்துவிட்டது என்கிறான் இன்னொருத்தன், சாமி குற்றம் என்று சொல்லி உண்டியல் வைத்திருக்கிறான் மூன்றாவது ஒருத்தன். எனக்குத் தெரியும். போடியில் என் தலையணைக் கடைக்குள் பஞ்சு மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடிப் பலகையில் பேனாவை இழுத்து இழுத்து ஒரு வட்டமும் ஒரு முட்டையும் ஒரு முக்கோணமும் போட்டாயே, அந்தக் கை செய்த வேலைதான் இது. எங்கே போய் ஒளிந்திருந்தாலும் இதைப் படி. படித்து முடித்ததும் எழுந்து போய்விடாதே.

நான் படித்தவன் இல்லை. விடுதிப் பிள்ளைகளுக்குத் தலையணை கொடுக்கப் போனதுதான் நான் பள்ளிக்கூடம் போனது. இலவம்பஞ்சு மெத்தையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி, நாய்க்கடியும் வசவும் வாங்கி, ஒரு நாள் எனக்கென்று ஒரு கடை பிடித்தேன். நான் கூவினேன், என் பெண்டாட்டி குருவம்மா பஞ்சு அடைத்தாள். மூக்கிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டி, நாற்பது வயதிலேயே நரைத்தவள் மாதிரி தெரிவாள். அவளால்தான் கடைக்கு ஒரு படம் வேண்டும் என்று ஆனது. கடலை மிட்டாய்க்குக்கூட ஒரு பொம்மை இருக்கு, நம்ம தலையணைக்கு ஒண்ணு வேண்டாமா என்று கேட்டாள். படம் போடுகிற பிள்ளை என்று உன்னைக் கூட்டி வந்தேன்.

நீ வேலை செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், மறுக்க முடியாது. முதலில் ஒரு வட்டம் போட்டு, இது தலை என்றாய். ஏன் வட்டம் என்று கேட்டேன். உருண்டையாக இருந்தால் பிள்ளைகளுக்குப் பயம் வராது அண்ணே, கூர் இருந்தால்தான் மனசு ஒதுங்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். வட்டத்துக்குக் கீழே ஒரு முட்டை, அது உடம்பு. நுனி மழுங்கின நாலு உருளை, கையும் காலும். ஒரு முக்கோணத்தின் மூலைகளைத் தேய்த்து எடுத்துத் தலையில் கவிழ்த்தாய், குல்லா ஆனது. வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு வட்டம், கண். கறுப்புக்குள் பொட்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அது என்னத்துக்கு என்று கேட்டேன். “இந்தப் புள்ளி இல்லேன்னா செத்த கண்ணு மாதிரி இருக்கும் அண்ணே, இதுதான் உள்ளே எரியற விளக்கு” என்றாய்.

கடைசியாகத்தான் இமை. அதற்குப் புதிதாக எதையும் வரையவில்லை நீ. கண் வட்டத்தையே நகலெடுத்தாய், பாதியாக வெட்டினாய், தோல் நிறத்தை ஊற்றினாய், கண்மேல் உட்கார வைத்தாய். செம்புக்கு அதன் மூடியைப் போட்டது மாதிரி அத்தனை பொருத்தம். ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு, கண்ணாடித்தாளை ஒன்றின்மேல் ஒன்று வைத்த மாதிரி, வேண்டும்போது காட்டலாம் வேண்டாதபோது மறைக்கலாம் என்று சொல்லி, பேனாவால் ஒரு தட்டுத் தட்டினாய், பயல் விழித்தான், இன்னொரு தட்டு, பயல் தூங்கினான். குருவம்மா பஞ்சடைப்பதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். குண்டுப்பயல் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவள் இருமலோடு சேர்த்துச் சிரித்ததை நீயும் பார்த்தாய்.

“தூங்குறான்ல, விட்டுரு தாயி, எழுப்பாதே” என்றாள்.

நீ எழுப்பினாய். எதையோ சரிபார்க்க இமையை மறைத்தாய், அப்படியே மறந்தாயா, வேண்டுமென்றே விட்டாயா, அது உனக்கும் உன் மனசாட்சிக்கும் வெளிச்சம். அச்சடித்து வந்த உறையைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு தலையணை மூலையிலும் குண்டுப்பயல் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உடனே உன்னிடம் போனில் பேசினேன். இமையோடு வேண்டுமென்றால் அடுக்கெல்லாம் தனித்தனியாக இருக்கிற மூலக் கோப்பு வேண்டும், அதுக்குத் தனிக் காசு அண்ணே என்றாய். பூட்டு வாங்குகிறவனிடம் சாவிக்குத் தனி விலை கேட்கிற கடை உலகத்தில் உண்டா என்று கேட்டேன். கேட்டது தப்பா. நீ பேச்சை வெட்டினாய், பிறகு எண்ணை மாற்றினாய். நீ அனுப்பி வைத்ததோ எல்லா அடுக்கையும் அரைத்து ஒரே தோசையாக ஊற்றின படம். வார்த்த தோசையிலிருந்து அரிசியையும் உளுந்தையும் யார் பிரித்தெடுக்க முடியும்? அதற்குள் கல்யாண மாசம் வந்துவிட்டது, தலையணை எல்லாம் விற்றுவிட்டது, போடியில் எங்கள் குண்டுப்பயல் இல்லாத வீடு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

முதலில் பார்த்தவன் நான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குருவம்மா கடையின் உள்கட்டில் புதுத் தலையணையில் தலைவைத்துச் சாய்ந்திருந்தாள். நான் என்னவோ கணக்குப் பேசிக்கொண்டே போகிறேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பதிலே இல்லை. கிட்டே போனால் குறட்டை. கண் ரெண்டும் அகலத் திறந்து, கருவிழி அசையாமல், மூச்சு மட்டும் ஏறி இறங்குகிறது. தட்டி எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கி, நல்லாத் தூங்கினேங்க, ஆனால் தூக்கம் முழுக்க நீங்க வாயை வாயை அசைக்கிறது தெரிஞ்சுச்சு என்றாள். விழித்திருக்கும்போது அவளால் இமைக்க முடிந்தது, மூட முடிந்தது, கோபத்தில் சுருக்கக்கூட முடிந்தது. தூக்கம் வந்தவுடன் இமை ரெண்டும் சுருட்டிய பாய் மாதிரி மேலே போய்விடும்.

அடுத்த சந்தைக்குள் ஊர் முழுக்க அப்படித்தான் தூங்கியது. மக்கள் கலவரப்பட்டார்கள் என்று நினைக்காதே. மனுசன் எதற்கும் பழகுவான், அதிலும் எங்கள் ஊர்க்காரன் சீக்கிரமே பழகுவான். பேருந்தில் யார் தூங்குகிறார், யார் விழித்திருக்கிறார் என்று தெரியாததால், ஏறுகிறவர்கள் ‘இருக்கீகளா’ என்று கேட்பதும் விழித்திருப்பவர் ‘இருக்கேன்’ என்று ஒரு விரலைத் தூக்குவதும் மரியாதை ஆகிவிட்டது. பதில் வராவிட்டால் அந்தக் கண்களுக்கு முன்னால் பேச்சைக் குறைத்து நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தபடியே தூங்கினார்கள், இந்த வருசம் மாதிரி ஒழுக்கமான வகுப்பு வந்ததில்லை என்று வாத்தியார்கள் பூரித்தார்கள். திருட்டு நின்றுபோனது. எந்த ஜன்னலை எட்டிப் பார்த்தாலும் நாலு ஜோடிக் கண் தன்னையே பார்க்கும்போது எவன் உள்ளே வருவான்? கோயில் குருக்கள், தேவர்கள் இமைப்பதில்லை என்று சாஸ்திரமே சொல்கிறது, நம்ம ஊர் ஒரு படி ஏறியிருக்கு என்றார். பெண் பார்க்க வருகிறவர்கள், பொண்ணு தூங்குறப்ப கண்ணு மூடுதா என்று கேட்டார்கள். மூடும் என்றால், ஒரு நல்ல தலையணைக்கு வழியில்லாத வீடு போல என்று காப்பியோடு எழுந்துவிட்டார்கள். அந்த நாளில் என்னைத் தெருவில் பார்த்து வேட்டியை இறக்கிவிட்டவர்கள் உண்டு.

ஆனால் போகப்போக ஒவ்வொரு முகத்திலும் ஒரே களைப்பு வந்து உட்கார்ந்தது. தூக்கம் வருகிறது, இருட்டு வருவதில்லை. கனவுக்கு நடுவில் மின்விசிறி சுற்றும், செத்துப்போன அப்பனோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தின்மேல் பல்லி ஊரும், ஏனென்றால் பல்லி விட்டத்தில் நிஜமாக ஊர்கிறது. சிலபேர் துணியை மடித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். அங்கேதான் தாயி உன் வட்டத்தின் வேலை வேறு மாதிரி தெரிந்தது. கண்ணைக் கட்டினவர்களுக்குத் தங்கள் வீட்டு விட்டம் மறைந்து, வேறு யாரோ வீட்டு விட்டம் தெரிந்தது. வேறு ஏதோ தலையணையில் உட்கார்ந்திருக்கிற குண்டுப்பயல் பார்ப்பதை இவர்கள் பார்த்தார்கள். யார் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது, எந்த மருமகள் சுவரைப் பார்த்து அழுகிறாள், எந்தப் பெரிய மனுசன் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான் என்பதெல்லாம் தெரிந்துபோக, சந்தையில் எதிரெதிரே வந்தவர்கள் முகம் கொடுக்காமல் தலையைக் குனிந்து போக ஆரம்பித்தார்கள். பொம்மைக்கு முழியன் என்று பெயர் மாறியதும் அப்போதுதான். தலையணையைக் கிணற்றில் போட்டவர்கள் தூங்கும்போது தண்ணீரைப் பார்த்தார்கள், அடுப்பில் போட்டவர்கள் தீயையே பார்த்துக்கொண்டு தூங்கினார்கள், அடுப்பு அணைந்து நாளாகியும் அவர்களுக்குத் தீ அணையவில்லை. அதற்குப் பிறகு யாரும் அதைச் செய்யவில்லை.

இரும்புக்கடை சீனிராஜ் செத்தபோது ஊர் பயந்தது. மத்தியானத் தூக்கத்திலேயே போனவர். யார் யாரோ வந்து இமையை வழித்து விட்டார்கள், கை எடுத்ததும் மேலே ஏறிக்கொண்டது. சந்தனம் அப்பினார்கள், துளசி வைத்தார்கள், அதையும் தாண்டி அவர் பார்த்துக்கொண்டேதான் பாடையில் போனார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் படுத்த பாயையும் தலையணையையும் சுடுகாட்டு வாசலில் எறிந்துவிட்டு வந்தார்கள். அழுது சோர்ந்து பகலில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்த அவர் சம்சாரம் தெய்வானைக்கு, வானமும் காக்காயும் புகையும் தெரிந்தது. அது அவர் தலையணை என்று அவளுக்குப் புரிந்தது. அவர் இன்னும் பார்க்கிறார் என்று எழுந்து மார்பில் அடித்துக்கொண்டாள். அவள் மகன்கள் அன்றைக்குச் சாயங்காலமே போய் அந்தத் தலையணையை ஆளுயரக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மண்ணுக்கு அடியிலாவது இருட்டு இருக்கும் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன். எல்லாத் தலையணையையும் வாங்கிப் புதைத்துவிடுவது என்று முடிவுசெய்து ஆள்கூடப் பேசிவிட்டேன்.

மறுநாள் தெய்வானை வந்து என் கடை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

“அங்கயும் வெளிச்சமா இருக்கு அண்ணே” என்றாள். “வேர் அசையறது தெரியுது. எறும்பு போறது தெரியுது. அதுக்கு மேல கேக்காதீக.”

விளக்கு எரிகிற கண்ணை மண்ணில் புதைத்தால் மண் எப்படி இருட்டாகும்? அந்த வெள்ளைப் புள்ளி இல்லாவிட்டால் செத்த கண் மாதிரி இருக்கும் என்று சொன்னாயே தாயி, செத்த கண்ணுக்கு இருக்கிற நிம்மதியைக்கூட நீ எங்களுக்கு வைக்கவில்லை.

இதை எல்லாம் ஊருக்காக நான் எழுதவில்லை. ஊர் எப்படியாவது சமாளிக்கும். என் குருவம்மாவுக்கு நெஞ்சு முழுக்கப் பஞ்சு. காலமெல்லாம் மூச்சில் ஏறின தூசி அங்கே போய் மெத்தையாகப் படிந்துவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் சாவதற்குப் பயப்படுகிறவள் இல்லை. அவளுக்குப் பயம் அதற்குப் பிறகுதான். தெய்வானை சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து தூக்கம் வந்தாலும் தொடையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருக்கிறாள், தூக்கத்தில் போய்விட்டால் கண் திறந்தே போய்விடும், போன பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வேரையும் எறும்பையும் அதற்கு மேல் உள்ளதையும். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, எனக்கு ஒண்ணும் வேணாம். கொஞ்சம் இருட்டு மட்டும் வாங்கிட்டு வாங்க. நீங்கதான் எதையும் பேசி வாங்கிருவீகளே.”

நான் என்ன பேசவில்லை, யாரிடம் பேசவில்லை? மதுரையிலிருந்து படம் போடுகிற ஒருவரைக் கூட்டி வந்தேன், உன்னைவிடப் பெரிய கை. அவர் அச்சடித்த படத்தைப் பார்த்து, ஒரு அரைவட்டத்தை அளந்து வரைந்து, துணிச்சாயத்தில் தொட்டு ஒரு தலையணையில் முழியனுக்கு இமை போட்டார். பரிசோதனைக்குத் தையல்காரன் ஜெயக்கொடி தானே முன்வந்தான், வாடிக்கையாளர் சட்டையை இயந்திரத்திலேயே கிழிக்கிற அளவுக்குக் களைத்துப்போயிருந்தான் அவன். படுத்தான், இமை இறங்கியது, சுற்றி நின்றவர்கள் கோயில் மணி கேட்டது மாதிரி கைகூப்பினோம். பொழுது விடிந்தது, இமை ஏறவில்லை. உலுக்கினோம், தண்ணீர் தெளித்தோம், உரலை உருட்டினோம். வேறு கையால் போட்ட இமைக்கு மூடத்தான் தெரிந்தது. அவன் பெண்டாட்டி தலையணையைச் சீயக்காயில் ஊறவைத்துச் சாயம் போகத் தேய்த்த பிறகுதான் எழுந்தான். எழுந்து, எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்து, யார் என்று யோசித்துத் தெரிந்துகொண்டான்.

இருட்டு இருந்ததா என்று கேட்டேன்.

“இருந்துச்சு” என்றான். “நான்தான் இல்ல.”

அந்தப் படக்காரர் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் போட்டது வேறு வட்டம், அதே கண் வட்டத்திலிருந்து வெட்டி எடுத்த இமைதான் அந்தக் கண்ணுக்கு இமை, வரைந்தவர் கோப்பில்தான் அது இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினார். போகும்போது சாயத்தையும் தூரிகையையும் மறந்து வைத்துவிட்டுப் போனாரோ, தெரிந்தே வைத்துவிட்டுப் போனாரோ.

ஜெயக்கொடி சொன்னதை நான் குருவம்மாவிடம் மறைத்தேன். வீட்டுக்குப் பால் கொண்டுவந்த அவன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். இப்போது தினமும் மத்தியானம், வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி அவள் முகத்துக்கு வருகிற நேரத்தில், குருவம்மா தூரிகை இருக்கிற மாடத்தைக் கண்ணால் காட்டுகிறாள். எனக்குப் போட்டுவிடுங்க, நான் திறக்கவா போறேன் என்கிறாள். நீயே அங்கே இருக்க மாட்டாயாம் என்றேன். இல்லாட்டி என்ன, இருந்து என்னத்தைப் பார்க்க என்றாள்.  வாய் ஒன்றை வைத்துக்கொண்டே பிழைத்தவன், கால்மாட்டில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன். நேற்று அவள் கிள்ளின இடத்தில் தோல் கறுத்துக் கன்றிப் போயிருந்தது, இனி கிள்ள விரலில் பலம் இல்லை. எந்த நேரமும் தூங்கிவிடுவாள். தூங்கினால், அவள் மூச்சு நிற்பதற்குள் நான் ரெண்டில் ஒன்று செய்தாக வேண்டும். கண் திறந்தபடி அவளை அந்த வெளிச்சத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் என் கையாலேயே சாயத்தைத் தொட்டு அவளை எங்குமே இல்லாமல் ஆக்க வேண்டும். கூவிக் கூவி ஊரைத் தூங்க வைத்தவனுக்கு இதுதானா கூலி?

இன்றைக்குத் தூரிகையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முனை மெத்தென்று இருந்தது.

அதனால் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். மறந்துதான் விட்டாய் என்றால் மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். வேண்டுமென்றே செய்தாய் என்றால் அந்தச் சண்டையைப் பிறகு போடுவோம், நானே உன் வாசலுக்கு வருகிறேன். நீ கேட்ட காசைக் கொடுக்கிறேன், பேரம் பேசமாட்டேன். ஜெயக்கொடி ஊசியில் நூலைக் கோத்து வைத்திருக்கிறான். இமையோடு நீ படம் அனுப்பினால் துண்டுத் துணியில் அச்சடித்து, முதலில் குருவம்மா தலையணையில் தைத்துவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய் நானே தைப்பேன், கிணற்றுக்குள் கிடப்பதற்கும் மண்ணுக்குள் கிடப்பதற்கும்கூட இறங்கிப் போய்த் தைப்பேன். உன் பங்கு ஒரே ஒரு தட்டுத்தான். கணினியைத் திற. அந்தக் கோப்பைத் தேடு, அழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. வட்டத்துக்கு மேலே, கறுப்புக்கு மேலே, அந்த வெள்ளைப் புள்ளிக்கும் மேலே, நீ அன்றைக்கு மறைத்து வைத்த அடுக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பேனாவை எடு. வெயில் அவள் முகத்துக்கு வந்துவிட்டது. இமையைப் போடு தாயி.